நகெட் ஊர் சுற்றிய விதம்

எங்கள் அருங்காட்சியகக் கடையில் விற்கும் டெரோசார் பஞ்சுப் பொம்மையை வாஷிங் மெஷினிலேயே போடலாம், சார்ஜென்ட். சாயம் போகாது. ஆனாலும் யாரும் வாங்குவதில்லை. டைனோசார் காலத்து வானத்தில் பறந்த ஜீவன், அதன் எலும்பு கிடைத்ததுகூட நம் ஊர் மேய்ச்சல் நிலத்தில்தான். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் இந்த மூலைவரை கேரவன் இழுத்து வருகிறவர்களோ, டி-ரெக்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்த சீசனோடு கடையை மூடிவிட்டு அங்கே காபி மெஷின் வைக்கப்போவதாக மேலாளர் டோரீன் என்னிடம் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் நகெட் என் கைக்கு வந்தான். ஹாட்டி என்கிற நாலு வயதுக்காரியின் டெரோசார். போன வருடம் எங்களிடம் வாங்கியது. இடது இறக்கை நுனியை அவள் சப்பிச் சப்பி நூலாக்கி வைத்திருந்தாள். இந்த வருடமும் வந்து பார்த்துவிட்டு வடக்கே டார்வின் நகரப் பக்கம் போன பிறகு, அவள் அம்மா ரென் வழியிலிருந்து போன் செய்தார்.

"தம்பி, எங்க நகெட் அங்க இருக்கானா? அவன் இல்லாம புள்ள தூங்கவே மாட்டேங்குது."

"இருக்கான்க்கா. தபால்ல ஏத்தி விட்டுடறேன்."

விட்டுப்போன பொம்மை வீடு திரும்பும்வரை அது ஊர் சுற்றுவதாகப் படமெடுத்து முகநூலில் போடுவது, அருங்காட்சியகங்களில் எல்லாரும் செய்வதுதான். நானும் போட்டேன். பப்பில் பீர் கிளாஸோடு நகெட். கம்பளிக் கொட்டகையில் ஆட்டின்மேல் நகெட். போலீஸ் வண்டியில் உங்கள் தொப்பியோடு நகெட். அதற்குப் பிறகு நீங்களே தினமும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "டேய், எவ்ளோ பேர்டா பாத்தாங்க?" என்று விசாரித்தீர்கள். நான் தப்பாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

அலமாரியில் இருந்த டெரோசார்கள் பறந்தன. டோரீன் காபி மெஷினை மறந்தார். இந்த நிலையில் நகெட்டை எப்படி அனுப்புவது? ஓடையில் வெள்ளம், தபால் லாரி நிற்கிறது என்று ரென்னிடம் சொன்னேன். இங்கே ஒரு சொட்டு மழை பெய்யாத ஜூலை மாதத்தில். மறுநாள், அதே ஓடையின் காய்ந்த மணலில் நகெட் துண்டு விரித்து வெயில் காயும் படத்தைப் போட்டேன். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

கேரவனைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"வெள்ளம்னியே? அந்த வெள்ளத்துலதான் மல்லாந்து படுத்திருக்கானா?" என்றார் ரென்.

நான் அலமாரியில் மிஞ்சியிருந்த புதிது ஒன்றை எடுத்து ஹாட்டியிடம் நீட்டினேன். அவள் இறக்கை நுனியை முகர்ந்து பார்த்தாள்.

"இவன் நகெட் இல்ல."

"நகெட்தான் கண்ணு. இப்ப பெரிய ஆளாயிட்டான். ஊரே அவனத் தேடி வருது. அதான் உன்ன அடையாளம் தெரியல."

அவள் அழவில்லை. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். பொம்மையை மேசைமேல் மெதுவாகப் படுக்க வைத்தாள்.

"அவன் ராத்திரி தூங்கறானான்னு மட்டும் பாத்துக்குங்க," என்றாள்.

ரென் புகார் கொடுத்துவிட்டார், நீங்களும் வந்துவிட்டீர்கள். நகெட் இதோ, கல்லாப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறான். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கம்பளி விழாவுக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர். அதற்குப் பிறகு எடுத்தால் எல்லாருக்கும் சௌகரியம்.

எங்கே விட்டுவிட்டுப் போனாள் என்று கேட்கிறீர்கள். அவள் விடவில்லை. ரென் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஹாட்டி தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக நான்தான் விலக்கினேன். கடைசியாக வாயிலிருந்து இறக்கை நுனியையும் எடுத்தேன். அவ்வளவு பதமாக. அவள் கண் திறந்திருந்தால் தொட்டே இருக்க மாட்டேன், சார்ஜென்ட். குழந்தை கையிலிருந்து பிடுங்குகிற ஆள் இல்லை நான்.