முந்திக்கொண்ட ஃப்ளெக்ஸ்

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்க்கும் தலைமையாசிரியை கமர்ஜஹான் அம்மையார் அவர்களே, நரையோடும் நிறைவோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே, மில் ஷிப்ட் முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, வேடசந்தூர் வெயிலையே குடையாய்ப் பிடித்து நிற்கும் இளைஞர்களே, இந்தக் கல்யாண மண்டபத்தின் காவல்காரன் பொம்மையன் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் முப்பத்தொரு ஆண்டுகளாய் இங்கு நடந்த கல்யாணங்களில், எந்தப் பந்தியில் தொட்டுக்கொள்ள எந்த வெஞ்சனம் பற்றாமல் போனது என்று கேளுங்கள், சொல்வேன். என்ன, அந்த மூலையில் சிலர் எழுந்துகொள்கிறீர்கள்? உட்காருங்கள், இன்று அந்தப் பேச்சு இல்லை.

இன்றைய பேச்சு, நாம் வழியனுப்ப வந்திருக்கும் அருள்நாதன் மகள் வினோலியா. காலில் சக்கரம் கட்டி நடனமாடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கை இந்த ஊர் எங்கே பார்த்தது? இதே தரையில் பார்த்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் கல்யாணம் இல்லை. அந்த இரண்டு மாதமும் மண்டபம் அவளுடையது. சுற்றினாள், சுழன்றாள், விழுந்தாள், எழுந்தாள். பந்தி விரித்த தரையில் பம்பரம் ஆனாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தேசியப் போட்டிக்கு வடக்கே போனாள். போட்டி முடிந்தது, அவள் போன் அணைந்தே கிடந்தது. நாங்கள் என்ன நினைத்தோம்? தங்கத்தை நேரில் காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தோம். பஸ்ஸுக்கு முன்னே பத்தடி ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது, 'தங்கம் வென்ற எங்கள் தங்கமே' என்று. கட்டியவன் நான். மூன்றாம் வரிசைத் தம்பி ராயப்பராஜ், நீ சிரிக்காதே. மேளத்தில் முதல் அடி அடித்தவன் நீ.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் தன் படத்தையே நிமிர்ந்து பார்த்தாள். கடைசிச் சுழற்சியில் விழுந்து ஏழாவதாய் வந்திருந்தாள் அவள். மேளத்தைத் தாண்டித் தனியே வீட்டுக்கு நடந்து போனாள். இருபத்தொரு வயதில் கழற்றிய சக்கரத்தை மறுபடி கட்டவே இல்லை.

ஃப்ளெக்ஸ் வீணாகவில்லை. என் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையானது. ஆறு மழைக்காலம் என் ஆடுகள் வினோலியாவின் சிரிப்புக்கடியில் நனையாமல் படுத்தன.

இப்போது அவள் சென்னைக்குப் போகிறாள், விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி முதுகலை படிக்க. போன வாரம் படிப்புக்குக் குறிப்பெடுக்கும் நோட்டோடு கொட்டகைக்கு வந்தாள். கூரையில் தன் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"தாத்தா, நான் செயிச்சிட்டேன்னு அன்னைக்கு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை ஆத்தா."

"அப்பறம் எதுக்குக் கட்டுனீக?"

அத்தனை பந்தியும் நினைவில் வைத்திருப்பவன், குனிந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆரம்பித்தேன். "செத்த நேரம் யோசிச்சுச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று போய்விட்டாள். நாளைக் காலை பஸ் ஏறுகிறாள். ஆகவே சபையிலேயே சொல்கிறேன். ஆத்தா, நோட்டை எடு.

வென்று வருகிறவளுக்கு மேளம் தெரியும், மாலை தெரியும், மத்தாப்பு தெரியும். தோற்று வருகிறவளை எப்படி வீட்டுக்கு அழைத்துப் போவது? அதற்கு எங்களிடம் ஒரு தாளம் உண்டா? ஒரு சொல் உண்டா? இல்லை. அந்தப் பயத்தில்தான், நீ வென்றுவிட்டாய் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பயந்தவர்கள் நாங்கள், பாரம் சுமந்தவள் நீ. பிழை என்னுடையது ஆத்தா.

எழுதிவிட்டாயா? பேனா மூடியைக் கடிக்காதே, எழுது.

பாஸானாலும் வா, அரியர் வைத்தாலும் வா, படிப்பே பிடிக்காமல் பாதியில் திரும்பினாலும் வா. அதே பஸ் ஸ்டாண்டில் அதே அடியை ராயப்பராஜ் அடிப்பான். எழுந்து நின்று தலையாட்டு தம்பி, சபை பார்க்கட்டும். ஃப்ளெக்ஸ் மட்டும் கிடையாது. கொட்டகைக்கு நான் ஓடு போட்டுக்கொள்கிறேன்.

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி, பெரியோர் பாதங்களுக்கு வணக்கம். போய் வா, ஆத்தா.