கருவாட்டுப் பானையில் ஒரு துப்பாக்கி

ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமம் பார்க்கும் அறை வாசலில் நாலு பேர் நின்றோம். முதலில் திரேஸ்புரத்து மீனவர் ஒருவர். அவரை ஒட்டி அவர் மனைவி. பின்னால் வயதான வங்கிக் காவலாளி. கடைசியில் நான்.

இறந்துபோன அப்பாவின் துப்பாக்கியை இன்றைக்குள் பதியாவிட்டால் வழக்கு என்று மீனவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது.

“அது துப்பாக்கியே இல்ல அண்ணாச்சி. குழலும் கட்டையும் எப்பவோ போயிட்டு. நடு இரும்பு மட்டும் கிடக்கு. அதுக்குப் போயி நோட்டீஸ் விடுதான்.”

“நம்பர் அந்த இரும்புலதான் தம்பி இருக்கும். சட்டத்துக்கு அதுவே துப்பாக்கி” என்றார் காவலாளி.

“லேத்துல ஒரு குழாய் கடைஞ்சு மாட்டலாம்னு இருந்தேன்.”

“மாட்டியிருந்தா உள்ள போயிருப்ப. அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும். இப்ப எங்க இருக்கு?”

“கருவாட்டுப் பானையில” என்றாள் மனைவி. “அப்பா நினைப்புல இவரு அதைத் தலைமாட்டுல வச்சுத் தூங்குனாரு. நான்தான் எடுத்து உப்பு மீனு மேல பாரமா வச்சேன்.”

காவலாளி சிரித்துவிட்டார்.

அவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. எழுத்தர் பழைய உரிமத்தை விரித்தார். “துப்பாக்கி நம்பர் சொல்லுங்க. ஒத்துப்போனா பதிஞ்சுக்கிடுதேன்.”

மீனவர் மனைவி பக்கம் திரும்பினார். “ஏளா, போச்சு. நம்பரைப் பாத்துட்டு வரலையே.”

“வாரா வாரம் தேய்ச்சுக் கழுவுதவ நான்லா? ஒங்க போன் நம்பரக் கேட்டாத்தான் முழிப்பேன்.”

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எழுத்தரின் பேனா உரிமத்தில் இருந்த எண்களைத் தொட்டுத் தொட்டுச் சரி போட்டது.

47291.