எருமை ஏறிய கூரை

கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த நான், பாஷை தெரியாமல் வந்த தில்லியில் மாடி வீடுகள், கோயில் மதில், யமுனைக் கரையில் மாட்டுக் கொட்டகை வரை கட்டி நிமிர்ந்தவன். அடைமழை நாளொன்றில், கோல் மார்க்கெட் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் அண்ணனிடம் தமிழில் கேட்டாள்.

“அண்ணா, கொட்டகைக் கூரை எருமையைத் தாங்குமா?”

“எருமைக்கு அங்க என்ன வேலை?”

“யமுனை பொங்கிடுச்சுல்ல? நம்ம பால்கார பையா, வைக்கோல் ஏத்துற சரிவு வழியா மேல ஓட்டிட்டாரு. போட்டோ பாரு.”

“ஐயோ, இடிஞ்சு விழும். ஜல்தி இறக்கச் சொல்லு!”

“கீழ கழுத்தளவு தண்ணி. அவருக்கு இருக்கறதே அந்த ஒரு எருமைதான்.”

“கூரை யாரு போட்டது?”

“யாரோ மதராசி மிஸ்திரியாம். கான்கிரீட்டுக்கு எதுக்கு இவ்வளவு இரும்புன்னு பையா அன்னிக்குத் திட்டினாராம். ‘நனைஞ்ச வைக்கோல் யானை கனம் கனக்கும், நீ போய்ப் பாலைக் கற’ன்னாராம் அந்த ஆளு.”

அண்ணன் சிரித்தான். “அச்சா, அப்ப நிக்கட்டும்.”

பஸ்ஸில் நான் வாய் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்: அந்த ‘யாரோ’ நான்தான். வெள்ளம் வடிந்து எருமை இறங்கியதும் அந்தக் கொட்டகைச் சுவரில் என் பெயரைப் பொறிக்க வேண்டும். மதராசி என்று அல்ல, முழுப் பெயரை.