உளுவைகளின் வயிறு

எங்கள் மொட்டைமாடியில் ஒரு நீல டப்பில் கூழாங்கற்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், மேடம். தயவுசெய்து யாரும் அவற்றைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டாம். திருத்தணி வெயிலில்கூட அந்தப் பாசி படிய நாள் பிடிக்கும். பாசி ஏறிய கல்லைக் கீழே கொண்டுபோய் மீன் தொட்டிக்குள் வைப்பேன். மேய்ந்து வெளுத்த கல்லை எடுத்துவந்து மறுபடி டப்பில் போடுவேன். உளுவை மீனுக்கு வேறு எதுவும் ஒத்துவராது.

என் வீட்டுக்காரர் காலேப், சென்னையில் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகள் வரைக்கும் போய்த் தேடி வாங்கிவந்த மீன்கள் அவை. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. வயிற்றடியில் கிண்ணம் மாதிரி ஒன்று உண்டு. அதை ஒட்டவைத்துக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் பாசியைச் சுரண்டித் தின்னும். மேலே தூவுகிற தீனியைத் திரும்பியும் பார்க்காது. விவரம் தெரியாதவர்கள் தொட்டியைப் பளிச்சென்று துடைத்து, வேளாவேளைக்குத் தீனியும் போட்டுவிட்டு, மீன் ஏன் செத்தது என்று முழிப்பார்கள். "தீனிய முன்னாடி வெச்சிகினே பட்டினி போட்றானுங்க ஹெப்சி. பாக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது," என்பார் அவர். அதை நான் மறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, விழுங்குவதும் கஷ்டமானது. டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், எதையும் குழைய மசிக்க வேண்டும், சின்ன ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், நேரம் ஆகும், ஆனால் தேறிவிடுவார் என்றார். ஆரம்பத்தில் அப்படித்தான் ஊட்டினேன். தேறிக்கொண்டும் வந்தார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஊட்டுவதை விட்டுவிட்டுத் தட்டு வைக்க ஆரம்பித்தேன். இட்லி, சாம்பார், சில நாள் உப்புமா. கட்டிலுக்கு வலது பக்கம் ஸ்டூல் போட்டுச் சூடாக வைப்பேன். வலது கை அசையாது என்பது எனக்குத் தெரியும். உடம்பை இழுத்து இடது கையால் ஒரு விள்ளல் எடுத்துவிட்டாலும் அது தொண்டையில் இறங்காமல் இருமலோடு வெளியே வந்துவிடும். ஆறியதும் தட்டை எடுத்துவிடுவேன். மாத்திரைக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி. மாத்திரையை நான் நிறுத்தவேயில்லை. சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல யாருங்க இப்டி பாத்துக்கறாங்க," என்பார்கள். பக்கவாதக்காரர் இளைப்பது யாருக்கும் அதிசயமாகத் தெரியவில்லை.

பொழுது போகட்டும் என்று மீன் தொட்டியை அவர் கட்டிலுக்கு நேரெதிரே நகர்த்தி வைத்தேன். நான் கல் மாற்றுவதையும் மீன்கள் வந்து ஒட்டிக்கொண்டு மேய்வதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

மணவூரில் இருக்கிற அவர் தங்கை ப்ளெஸ்ஸி ஞாயிறுதோறும் ரயிலேறி வருவாள். அன்றைக்கு மட்டும் மசித்து ஊட்டுவேன். என் கையில் ஸ்பூனைக் கண்டதும் அவர் வாயைத் திறக்கிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிடும். "அண்ணி கையால துன்னாதான் அண்ணனுக்கு எறங்குது," என்பாள்.

அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அடக்கம் முடிந்து வந்து தொட்டி முன்னால் நின்றாள். "அண்ணன் எலும்பும் தோலுமா பூட்டாரு. மீனுங்களுக்கு மட்டும் எப்டி அண்ணி வயிறு உருண்டு கீது?" என்றாள். கெட்டிக்காரி. போட்டதைத் தின்ன முடியாத ஜீவனை எப்படிப் பிழைக்க வைப்பது என்று தெரிந்தவள் நான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அவர் குடித்தவரில்லை, கை நீட்டியவருமில்லை. நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தினமும் காலையில் டார்ச் அடித்து ஒவ்வொரு மீனின் வயிற்றையும் பார்ப்பார். ஒன்றுக்கு லேசாகக் குழிந்திருந்தாலும் அன்றைக்கு அவருக்கு வேலை ஓடாது. அப்போது எனக்குக் குடல்புண். சோறு தங்காமல், ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதும் நான்தான். வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு என்பார். நீ சாப்பிட்டாயா என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் இப்படிச் செய்பவளே இல்லை. ஒவ்வொரு தட்டையும் அதை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

இப்போது அது போய்விட்டது. துலக்கிக் கவிழ்த்த தட்டைக் காலையில் நிமிர்த்தினால் அதில் தடம் தெரிகிறது. கண்ணாடிப் பாசியில் மீன் மேய்ந்த மாதிரி, வரிவரியாக, நாக்கால் வழித்த தடம். எவ்வளவு தேய்த்தாலும் மறுநாள் இருக்கிறது. நான் சாப்பிட உட்கார்ந்தால் கட்டில் பக்கம் ஒரு வாய் திறப்பது தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மேடம். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நானே வந்திருப்பேன்.

அவர் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். ஆடிக் கிருத்திகை. தெரு முழுக்கக் காவடி, மலை வரைக்கும் அரோகரா சத்தம். மத்தியானம் ஆறின தட்டை எடுக்கப் போனேன். அவர் உதடு கோணிக்கொண்டு அசைந்தது. அத்தனை மாதமாக வராத பேச்சு, இழுத்து இழுத்து வந்தது. அந்தச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"ஹெப்சி... நீ சாப்ட்டியா?"

"ஆங், ஆச்சிங்க," என்றேன்.

அடுப்பில் மாத்திரைக்கு வைத்த கஞ்சி சூடாகத்தான் இருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தேன்.