புயலுக்குப் பூட்டிய வீடு

மணமேல்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "புயல்னு சொன்னதும் புது வீட்டைப் பூட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டோம்க்கா."

"காங்கிரீட்டு வீட்டையா?"

"ஒழுகுற கூரை வீட்டுல இருந்த பழக்கம்க்கா. எந்தப் புயலுக்கும் அங்கிட்டுத்தானே ஓடுவோம்? பாயை விரிச்சு உக்காந்த பொறவுதான் அவருக்கு நெனப்பு வந்துச்சு."

"அடிப்பாவி! அப்புறம்?"

"திரும்பி ஓடியாந்தா, எங்க கொழுந்தனார் குடும்பமே வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது. ஒங்க வீட்டை நம்பித்தானே வந்தோம்னு ஒரே ஏச்சு."

பக்கத்துச் சீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரும் உள்ள போயிக் கதவைச் சாத்துனோம். வெளிய ஊத்து ஊத்துன்னு ஊத்துது. எம்மக அண்ணாந்து மேல பாத்துட்டு, 'மழை விட்டுருச்சாம்மா?'ங்கிறா."