முறைக் கிடா

கறியைக் கூறு போடுவதில் எங்கள் தெருவில் இதுவரை ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை, சார். ஈரல், நெஞ்செலும்பு, சதை எல்லாம் ஏழு இலையிலும் ஒன்றுபோல விழும். தலை மட்டும் அறுக்கிறவனுக்கு. அது நான் போட்ட சட்டம் இல்லை, என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். உங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது, திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவீர்கள். போகிற நேரத்தில் வந்து, உங்கள் வகுப்புப் பிள்ளை பவளம் எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். உட்காருங்கள், மோர் கொண்டுவரச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஏழு வீடு. பொங்கல், ஆடி, தீபாவளி என்று வருஷத்துக்கு மூன்று தடவை கிடா அடிப்போம். ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு கிடா கொடுக்க வேண்டும், ஏழு வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். யாரும் யாருக்கும் காசு தருவதில்லை. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை, அவ்வளவுதான். இது நடப்பதே ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கொடுப்பதால்தான்.

பவளத்தின் அம்மா முனியம்மாளிடம் ஆடு இல்லை என்று நான்தான் என் தாயாட்டை வாரத்துக்கு விட்டேன். அவள் மேய்க்க வேண்டியது, போடும் குட்டியில் ஆளுக்கு ஒன்று. இரண்டு கிடாக்குட்டி போட்டது. என்னுடையதை என் முறைக்கு அடித்து எல்லாரும் தின்றாயிற்று. அவளுடையதற்கு அந்தப் பெண் பவளம் ‘தொரை’ என்று பேர் வைத்தாள். ஆட்டுக்குப் பேர் துரை. கழுத்தில் மணி கட்டினால் சரி, பாசிமணி கட்டிவிட்டாள். பாயில் அவளோடு படுக்கும், அவள் தட்டிலேயே சோறு தின்னும். நில் என்றால் நிற்கும். எனக்குப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தேழு தீபாவளிக்கு முனியம்மாள் முறை வந்தது. கேட்டேன்.

“இன்னாண்ணா பண்றது, அத வுட்டுட்டு பவளம் ஒரு வாய் துன்னமாட்டேங்குது. ரெண்டு கோழி தரேன், இந்த தபா வுட்டுடுண்ணா.”

ஏழு வீட்டுக்கு இரண்டு கோழி. நீங்கள் படித்தவர், ஒரு கோழிக்காலை ஏழாக வெட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம். சரி என்று விட்டேன். அடுத்த வருஷப் பொங்கலுக்குக் கேட்டேன், கோழி. ஆடிக்குக் கேட்டேன், அழுகை. நடுவில் மற்றவர்கள் அடித்த கிடாவில் மட்டும் தவறாமல் கூறு வாங்கிக்கொண்டு போனாள். டீக்கடையில் எத்திராஜ் எல்லார் முன்னாலும், “ஒரு பொம்பளகிட்ட ஒரு ஆட்ட வாங்க துப்பில்ல, நீ எல்லாம் பங்கு பிரிக்கிறவனா பஞ்சாட்சரம்” என்று சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

போன வருஷம் அந்த ஆடியிலேயே பவளத்துக்குக் காமாலை கண்டது. கண், நகம் எல்லாம் மஞ்சள். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் இருக்கும் முனியம்மாள் புருஷன் சேட்டு, பிள்ளையைக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்லியனுப்பியிருந்தான். முனியம்மாள் என்னிடம் வந்தாள்.

“எல்லையம்மனுக்குத் தொரைய நேந்துக்கினேண்ணா. துலுக்கினா அம்மா ஏத்துக்கினான்னு அர்த்தம், புள்ளய அவளே பாத்துப்பா. துலுக்கலன்னா அடுத்த பஸ்ஸுக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடறேன். நீதாண்ணா தண்ணி ஊத்தணும்.”

நேர்ந்த ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பை உதறித் துலுக்கினால் அம்மன் சம்மதம். மூன்று சொம்பு ஊற்றியும் அசையாமல் நின்றால் அவளுக்கு வேண்டாம், ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, காதில் தண்ணீர் விழக்கூடாது. காதுக்குள் ஈரம் போனால் எந்த ஆடும் துலுக்கும், அது அம்மன் வாக்கு ஆகாது. அதனால் ஒரு காதை ஆட்டுக்காரர் பொத்திக்கொள்வார், இன்னொன்றை ஊற்றுகிறவன். பதினாறு வருஷமாக ஊற்றுகிறவன் நான். என் கைராசி, ஒரு ஆடு துலுக்காமல் போனதில்லை என்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. பவளத்தைப் பாயோடு தூக்கி வந்து வேப்பமர நிழலில் கிடத்தியிருந்தார்கள். கையில் தெம்பில்லை, ஆனால் ஆட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

“தொரை, ஆடாத. ஆடாம நில்லு தொரை.”

முதல் சொம்பு ஊற்றினேன். நின்றது. இரண்டாவது ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் வயிற்றில் வழிகிறது, அது அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. முனியம்மாள் ஒரு கையால் காதைப் பொத்தியபடியே ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். மணி ஒன்பது இருக்கும், ஒன்பதரைக்கு பஸ். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையும் பஸ் ஏறும், ஆடும் வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு மறுபடி இரண்டு கோழி வரும்.

என் இடது உள்ளங்கையில் எப்போதும் ஒரு பஞ்சு இருக்கும், சார். புளியங்கொட்டை அளவு, நன்றாக நனைத்தது. முதன்முதலில் அதை வைத்தது இரக்கத்தால்தான். வெயிலில் ஒரு குடும்பம் மணிக்கணக்காக நின்று, என்ன பாவம் செய்தோமோ என்று அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அன்றைக்கும் மூன்றாவது சொம்பு ஊற்றும்போது காதைப் பொத்திய கையைக் கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான். துரை கொம்பிலிருந்து வால் வரைக்கும் துலுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறுத்து ஏழு கூறு போட்டேன். முனியம்மாள் வீட்டுக் கூற்றை நானே கொண்டுபோய்க் கொடுத்து, “உன் முறை தீந்துது” என்றேன். சொல்லும்போது ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. தலைக்கறி அன்றைக்கு நன்றாக அமைந்தது. பஸ் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அம்மன் ஏற்றுக்கொண்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும் அல்லவா, முனியம்மாள் போகவில்லை. நானும் போ என்று சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் பவளம் போய்விட்டாள்.

காரியம் முடிந்து முனியம்மாள் வந்து இதோ இங்கேதான் உட்கார்ந்தாள்.

“அம்மா ஏத்துக்கினாளேண்ணா. துலுக்கிச்சே. நீயும் பாத்தியே. அப்புறம் ஏண்ணா?”

பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தாள். மனசு கேட்கவில்லை எனக்கு, ஒரு காரணமாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அறுக்கும்போது நீ அழுதாய், கண்ணீர் விட்டுக் கொடுத்ததை அம்மன் எடுத்துக்கொள்ளமாட்டாள், அதுதான் திருப்பிவிட்டாள் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் அவள் அழுது ஒருவரும் பார்க்கவில்லை.

சேட்டு மில்லிலிருந்து வருவதே இல்லை. தனியாக இருக்கிறாளே என்று மறுபடி ஒரு தாயாட்டை வாரத்துக்கு விட்டிருக்கிறேன். அவள் பங்குக்கு ஒரு கிடாக்குட்டி வந்திருக்கிறது. பேர் வைக்கவில்லை, அம்மனுக்கு என்று விட்டிருக்கிறாள். நேற்றுகூட வந்து சொன்னாள்.

“இந்த தபா அழமாட்டேண்ணா. நீயே ஊத்து.”

நல்ல பெண், சார். எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.