ரூமைக் காட்டாத பையன்

"ஐரோப்பா முழுக்கக் காட்டிட்டான்ணே. அவன் படுக்குற ரூமை மட்டும் காட்ட மாட்டேங்கிறான்."

டூட்டி முடிந்து ஜெபல் அலியிலிருந்து அல் குசைஸ் லேபர் கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் சொன்னார். மகன் ஜெர்மனியில் படிக்கிறானாம்.

அவர் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எங்கெல்லாம் போனான்?"

"பாரிஸு, ரோமு, அப்புறம் ஏதோ தண்ணிக்குள்ள கட்டுன ஊரு. எல்லா போட்டோலயும் அதே ஜாக்கெட்டு. மூஞ்சியே வத்திப்போச்சு. ரூமைக் காட்டுடான்னா, நெட் சரியில்லப்பாங்கிறான்."

"நீ கேம்ப்பைக் காட்டியிருக்கியா அவனுக்கு?"

முன்சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லீவன்னைக்கு மாலுக்குப் போய்த்தான்ணே வீடியோ கால் போடுவேன்."

அப்போது அவர் போன் அடித்தது. மகன்தான், வீடியோ கால். அவசரமாகத் துண்டை எடுத்து யூனிபார்மை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே உயரக் கட்டடங்கள் தெரியும்படி போனைச் சாய்த்துப் பிடித்தார்.

"சொல்லுப்பா, எங்க இருக்க?"

"ரூம்லதாம்ப்பா. பாக்கணும்னு கேட்டீங்களே, காட்டவா?"

அவர் துண்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இங்க நெட் சரியில்லப்பா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.